பிடியரிசி போட ஓர் ஊர் வேண்டும்: பொதுப்பள்ளிகளும் அவற்றுக்கான கொடையும்

இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம் வட்டத்தில், மூணாற்றை ஒட்டி அமைந்துள்ள ஊராட்சி பள்ளிவாசல். தமிழ்நாட்டில் இச்சொல் மசூதியைக் குறிக்கிறது. மலையாளத்தில் ‘பள்ளி’ என்பது மசூதி, கிறித்தவ ஆலயம் ஆகிய இரண்டுக்கும் பொது. தமிழில் அதே சொல் இன்று கல்விக்கூடத்தின் பெயராக நிலைத்துவிட்டது. பழந்தமிழில் அது உறைவிடம், துயிலிடம், சிற்றூர், சமண பௌத்தத் துறவியர் தங்குமிடம் எனப் பல பொருள்களைத் தாங்கி நின்றது. துறவியர் பள்ளிகளுக்கு விடப்பட்ட இறையிலி நிலம் கல்வெட்டுகளில் ‘பள்ளிச்சந்தம்’ எனப்படுகிறது. அதாவது, பள்ளி என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே அதைத் தாங்கும் கொடைக்கும் ஒரு சொல் மிக நீண்ட காலமாக இருந்துவந்திருக்கிறது.

பொதுப்பள்ளிகளுக்குப் பணமும் ஆதரவும் திரட்டும் அறக்கட்டளைகள் இன்று பரவலாகப் பேசப்படுகின்றன. ‘நம்ம ஊர்ப் பள்ளி’, ‘நமது பள்ளியைக் காப்போம்’ போன்ற அழைப்புகள் எங்கும் கேட்கின்றன. இவ்வழைப்புகளில் ‘நம்ம’, ‘ஊர்’ என்னும் இரு சொற்களும் ஐயத்துக்கு இடமின்றிப் பயன்படுத்தப்படுகின்றன. எந்தப் பள்ளிக்கும் ஓர் ஊர் உண்டு, அந்த ஊருக்குக் கொடுக்கும் ஆற்றல் உண்டு என்பது இவற்றின் அடிப்படை நம்பிக்கை. அந்நம்பிக்கை எவ்வாறு உருவானது, அது எங்கே செல்லுபடியாகும், எங்கே செல்லுபடியாகாது என்பதைப் பள்ளிவாசல் போன்றதொரு தேயிலை மலையில் நின்று பார்த்தால் தெளிவாகத் தெரியும்.

1. பிடியரிசியின் இரு கரைகள்

மேற்குத் தொடர்ச்சி மலையின் இரு புறத்திலும் கல்விக்கொடையின் வரலாற்றில் ஒரே சொல் வழங்குகிறது. அது ‘பிடியரிசி’. உலையில் இடுவதற்கு முன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக்கலயத்தில் போட்டுவைப்பார்கள். வாரம் ஒருமுறை ஒருவர் வந்து அதைத் திரட்டிச் செல்வார்.

கேரளத்தில் இவ்வழக்கம் சுறியானிக் கத்தோலிக்கத் திருச்சபையோடும் குரியாக்கோஸ் எலியாஸ் சாவறை அடிகளாரின் (1805–1871) பெயரோடும் இணைத்துப் பேசப்படுகிறது. ஒவ்வொரு ஆலயத்தோடும் ஒரு கல்விக்கூடம் வேண்டும் என்ற வலியுறுத்தல் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அச்சபைக்குள் எழுந்தது. ஏழைப் பிள்ளைகள் பசியோடு படிக்க இயலாது என்பதால், அவர்களுடைய மதிய உணவுக்குப் பிடியரிசி திரட்டப்பட்டது. ‘பள்ளி’யோடு சேர்ந்த கூடம் ‘பள்ளிக்கூடம்’ என்ற விளக்கம் கேரளத்தில் வேர்கொண்டதற்கு இந்த வரலாறும் ஒரு காரணம். மொழியியல் நோக்கில் அச்சொல்லின் வரலாறு இதைவிட விரிந்தது. தமிழிலும் அதே கூட்டுச்சொல் ஆலயத் தொடர்பு எதுவுமின்றி வழங்கிவருகிறது.

தமிழ்நாட்டுப் பக்கத்தில் விருதுநகரைக் காணலாம். நாடார் சமூகத்தவர் தம் வணிகத்தில் ஒரு சிறு பங்கை ‘மகமை’ என ஒதுக்கிப் பொதுநிதி சேர்த்தனர். கோயில், கிணறு, சத்திரம், பள்ளி அனைத்தும் அந்நிதியில் எழுந்தன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே தொடங்கிய சத்திரிய வித்யாசாலை வீடுதோறும் திரட்டிய பிடியரிசியாலும் வளர்ந்தது. 1903இல் பிறந்த காமராசர் பயின்றது அந்தப் பள்ளியில்தான். பிற்காலத்தில் மாநில அளவில் மதிய உணவுத் திட்டத்தை விரித்தவர், வீடுகளின் பிடியரிசியால் நடந்த பள்ளியின் மாணவர் என்பது வரலாற்றில் கவனிக்கத்தக்க தொடர்ச்சி.

இவ்விரண்டு வழக்கங்களுக்கும் பொதுவான கூறுகள் மூன்று. கொடை சிறியது, அதனால் எவரும் தர முடிந்தது. அது தொடர்ச்சியானது, அதனால் பள்ளி அதை நம்பித் திட்டமிட முடிந்தது. கொடுப்பவரும் பெறுபவரும் ஒரே வட்டத்துக்குள் இருந்தனர். அதனால் கணக்குக் கேட்க முடிந்தது. அறக்கட்டளை மேலாண்மை குறித்த இன்றைய நூல்கள் வலியுறுத்தும் பரந்த கொடையாளர் தளம், நிலையான வரவு, பொறுப்புக்கூறல் ஆகிய மூன்றும் அந்தக் கலயத்திலேயே இருந்தன.

அவற்றின் எல்லையும் அதே இடத்தில்தான் இருந்தது. கேரளத்தில் வட்டம் என்பது பங்கு. விருதுநகரில் வட்டம் என்பது சாதி. வட்டத்துக்கு வெளியே இருந்த பிள்ளைக்கு அந்தக் கலயத்தின்மீது உரிமை கிடையாது. இரக்கத்தின் பேரில் ஒருவேளை இடம் கிடைக்கலாம், அவ்வளவே.

2. ஊர் மறுத்தபோது

திருவிதாங்கூரில் இராணி கௌரி பார்வதி பாய் 1817இல் வெளியிட்ட ஆணை, மக்களின் கல்விச் செலவை அரசே முழுமையாக ஏற்க வேண்டும் என்னும் கொள்கையை அறிவித்தது. கல்வி அரசின் கடன் என்ற எண்ணத்துக்கு இந்தியத் துணைக்கண்டத்தில் கிடைக்கும் தொடக்ககால ஆவணங்களில் அதுவும் ஒன்று. ஆனால் ஆணை பிறந்து ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பிறகும் புலையர், பறையர் பிள்ளைகளால் அரசுப் பள்ளிகளுக்குள் கால்வைக்க முடியவில்லை. 1907இல் சாது ஜன பரிபாலன சங்கத்தை நிறுவிய அய்யன்காளி, பள்ளி அனுமதிக்காக வயல்வேலை மறுப்புப் போராட்டத்தை முன்னெடுத்தார். 1910களில் அவர் பஞ்சமி என்ற புலையச் சிறுமியை ஊருட்டம்பலம் பள்ளிக்கு அழைத்துச் சென்றபோது, அந்தப் பள்ளிக்கே தீ வைக்கப்பட்டது.

பள்ளிக்கொடையின் வரலாற்றை எழுதுவோர் இந்நிகழ்வைப் பெரும்பாலும் வேறொரு தலைப்பின் கீழ் வைத்துவிடுகின்றனர். அது இங்கேயும் இருக்க வேண்டியது. பள்ளியைக் கட்டிய அதே ‘ஊர்’தான் பள்ளியை எரிக்கவும் துணிந்தது. உள்ளூர் ஆதரவு என்பது இயல்பிலேயே நன்மை பயப்பது என்று கொள்ள முடியாது. யாருடைய உள்ளூர் என்ற கேள்வி அதனுடன் எப்போதும் இணைந்தே இருக்கிறது. அய்யன்காளி கேட்டது கொடையை அன்று. ஆணையில் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்த கடனை.

3. பட்டியலும் மாநாடும்

சென்னையில் 1920ஆம் ஆண்டு மாநகராட்சித் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர், ஆயிரம்விளக்குப் பகுதிப் பள்ளியில் மதிய உணவைத் தொடங்கிவைத்தார். ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவிட அனுமதி தரப்பட்டது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிடுவதை அரசு ஏற்க மறுத்ததால் 1925இல் அது நின்றது. உணவு கல்விச் செலவாகுமா என்ற கணக்குச் சிக்கலே ஒரு திட்டத்தை நிறுத்தப் போதுமானதாக இருந்தது.

1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் எட்டயபுரத்தில் தொடங்கியபோது, அது முதலில் ஊரார் கொடையை நம்பியே நடந்தது. மறு ஆண்டில் அரசு மானியம் வந்தது. அதன்பின் செலவில் ஆறு பங்கை அரசும் நான்கு பங்கை உள்ளூர் மக்களும் ஏற்கும் முறை அமைந்தது. பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு இத்திட்டத்தின் செயல்வடிவத்துக்குப் பொறுப்பேற்றார்.

அவர் முன்னெடுத்த இன்னொரு முயற்சி பள்ளிச் சீரமைப்பு இயக்கம். 1958இல் கடம்பத்தூரில் முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்தது. பின்னர் மாவட்டந்தோறும் மாநாடுகள் தொடர்ந்தன. இன்றைய அறக்கட்டளைகளுக்கு முன்னோடி என்று சொல்லத்தக்க நடைமுறை இதில் இருந்தது. ஆசிரியர்களும் ஊர்ப் பெரியோரும் சேர்ந்து பள்ளியின் தேவைகளைப் பட்டியலிடுவர்: கூரை, சுற்றுச்சுவர், விளையாட்டுத் திடலுக்கான நிலம், மணி, நிலப்படம், தண்ணீர்ப் பானை, பிள்ளைகளுக்குச் சீருடை. அப்பட்டியல் ஊரில் சுற்றுக்கு வரும். பணமாகத் தர இயலாதவர் மரமாகவோ உழைப்பாகவோ தருவார். கொடைகள் மாநாட்டு மேடையில் பலர் அறிய ஒப்படைக்கப்படும்.

இம்முறையின் வலிமை பட்டியலில் இருந்தது. என்ன தேவை என்பதைக் கொடையாளர் முடிவு செய்யவில்லை. பள்ளி முடிவு செய்தது. ஆசிரியர் ஊதியமும் பள்ளியின் இருப்பும் அரசின் பொறுப்பில் இருக்க, அதற்கு மேலான வசதிகளை ஊர் ஏற்றது. அரசு பின்வாங்கிய இடத்தை நிரப்ப எழுந்த இயக்கமாக இதைக் கருத இடமில்லை. புதிய பள்ளிகளை அரசு வேகமாகத் திறந்துகொண்டிருந்த ஆண்டுகளில் அந்த வேகத்துக்குத் துணைநின்ற இயக்கம் அது.

மேடையில் கைதட்டல் பெற்றுத் தரும் முறைக்கு வேறொரு பக்கமும் உண்டு. நிலவுடைமையாளர் இருந்த ஊர்ப் பள்ளிக்குத் திடல் கிடைத்தது. கூலி உழைப்பாளர் மட்டுமே வாழ்ந்த குடியிருப்பின் பள்ளிக்கு அப்படித் தர எவரும் இல்லை. மதிய உணவின் நான்கு பங்கும் இதே சிக்கலுக்கு ஆளானது. பசி மிகுந்த ஊரில்தான் கொடுக்கும் கைகள் குறைவு. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொடங்கிய சத்துணவுத் திட்டம் உணவுப் பொறுப்பை முழுமையாக அரசின் மீது ஏற்றியபோது இச்சிக்கல் தீர்ந்தது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் அரசின் வரவுசெலவுக் கணக்கிலேயே நின்றது. கொடையாகத் தொடங்கிக் கடனாக முடிந்த பயணம் இது. தமிழகக் கல்வி வரலாற்றில் மிக வெற்றிகரமான ‘நிதி திரட்டல்’ எது என்று கேட்டால், நிதி திரட்டுவதற்கான தேவையையே ஒழித்த இந்த மாற்றத்தைத்தான் சுட்ட வேண்டும்.

4. அறக்கட்டளைகளின் காலம்

2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவு புதியதொரு கொடையாளரை உருவாக்கியது. 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ, 1,000 கோடி ரூபாய் விற்றுமுதலோ, 5 கோடி ரூபாய் நிகர லாபமோ உடைய நிறுவனங்கள், முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். கல்வி அப்பணிகளின் பட்டியலில் முன்வரிசையில் உள்ளது. தான் இயங்கும் பகுதிக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் நிறுவனம் முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது.

தமிழ்நாட்டு அரசு 2022 டிசம்பர் 19 அன்று தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி’ இச்சூழலில் பிறந்தது. அரசின் முன்னெடுப்பில் அமைந்த இலாப நோக்கற்ற அறக்கட்டளை அதை நடத்துகிறது. தொழிலதிபர் வேணு சீனிவாசன் அதன் தலைவராகவும், சதுரங்க வீரர் விசுவநாதன் ஆனந்த் அதன் விளம்பரத் தூதராகவும் அறிவிக்கப்பட்டனர். முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தம் சொந்த நிதியிலிருந்து 5 லட்சம் ரூபாய் வழங்கிக் கொடையைத் தொடங்கிவைத்தார். நிறுவனங்களோடு முன்னாள் மாணவரும் வெளிநாடுவாழ் தமிழரும் இணையதளம் வழியாகப் பள்ளியையோ பணியையோ தேர்ந்து நிதி தரலாம்.

இதன் நிறைகள் பல. முன்னாள் மாணவர் தலைமையாசிரியரின் கையில் பணம் கொடுத்துவிட்டு, அது என்னவாயிற்று என்று அறியாமல் இருந்த நிலை மாறுகிறது. செலவுக்குக் கணக்கு இருக்கிறது. வருமான வரிச் சலுகை இருக்கிறது. பழைய மாநாட்டின் பட்டியல் இங்கே இணையப் பக்கமாகியிருக்கிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். பள்ளி வளர்ச்சித் திட்டத்தை வகுப்பது அக்குழுவின் பணி. அப்பட்டியலை உண்மையாகவே அக்குழு எழுதுமானால், பிடியரிசிக் காலத்தில் இல்லாத ஒரு மக்களாட்சித் தன்மை கொடைக்குக் கிடைக்கும்.

மாறியது வட்டத்தின் அளவு. கொடுப்பவர் இப்போது வெகுதொலைவில் இருக்கிறார். அவர் எந்தப் பள்ளியைத் தேர்வார்? தாம் படித்ததை, தம் தொழிற்சாலைக்கு அருகிலுள்ளதை, பெயர் கேள்விப்பட்டதை. முன்னாள் மாணவர் பொறியாளராகவும் மருத்துவராகவும் ஆன பள்ளிக்குக் கொடையாளர் அதிகம். முன்னாள் மாணவர் கொழுந்து கிள்ளப் போன பள்ளிக்கு எவரும் இல்லை.

கேரளம் வேறொரு வழியை முதன்மையாக்கியது. 2017 ஜனவரியில் தொடங்கிய பொதுக்கல்விப் பாதுகாப்பு இயக்கத்தின்போது பெற்றோரும் முன்னாள் மாணவரும் பள்ளிகளைச் சூழ்ந்து நின்று உறுதிமொழி எடுத்தனர். உள்ளூர்க் கொடை அங்கும் திரண்டது. ஆனால் பெருஞ்செலவைக் ‘கிப்பி’ எனப்படும் அரசின் உள்கட்டமைப்பு முதலீட்டு வாரியத்தின் நிதி தாங்கியது. எட்டாம் வகுப்பு முதல் 45,000 வகுப்பறைகளை உயர்தொழில்நுட்ப வகுப்பறைகளாக்கும் பணி எந்த ஊரின் கொடுக்கும் ஆற்றலையும் அளவாகக் கொள்ளவில்லை. மக்கள் ஆதரவு அங்கே முதன்மையாக அரசியல் ஆதரவாக இருந்தது. பொதுப்பள்ளிக்கு அரசு செலவிட வேண்டும் என்ற கோரிக்கைக்குப் பின்னால் மக்கள் நிற்பதும் ஒருவகை நிதி திரட்டலே. அதன் விளைவு பல வேளைகளில் உண்டியலைவிடப் பெரியது.

5. வேறு நாடுகளின் இரு பாடங்கள்

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கறுப்பினப் பிள்ளைகளுக்காக 1912 முதல் 1932 வரை ஏறத்தாழ 5,000 பள்ளிக் கட்டடங்கள் எழுந்தன. வணிகர் ஜூலியஸ் ரோசன்வால்ட் அளித்த நிதி அதற்கு உதவியது. அவர் முழுச்செலவையும் தரவில்லை. உள்ளூர்க் கறுப்பின மக்களும் அரசும் தம் பங்கைப் போட்டால்தான் நிதி கிடைக்கும். பருத்திக் கூலியில் வாழ்ந்த குடும்பங்கள் பணமும் மரமும் உழைப்பும் தந்தன. அம்மக்கள் ஏற்கெனவே வரி செலுத்தியவர்கள். அவ்வரி வெள்ளையர் பள்ளிகளுக்குப் போயிற்று. தம் பிள்ளைகளின் பள்ளிக்கு அவர்கள் மறுபடியும் செலுத்தினர். வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் ஆண்டர்சன் இதை ‘இரட்டை வரி’ என்று குறித்தார். அப்பள்ளிகள் ஒரு தலைமுறையை உயர்த்தின என்பதும் உண்மை, அவை அநீதியான கணக்கின் மேல் எழுந்தன என்பதும் உண்மை.

கலிபோர்னியாவில் நேர்ந்தது இதற்கு எதிர்த்திசையிலானது. சொத்துவரி வேறுபாட்டால் பள்ளிகளுக்கிடையே உருவான ஏற்றத்தாழ்வு அரசமைப்புக்கு முரணானது என்று அம்மாநில உச்சநீதிமன்றம் 1971இல் செரானோ வழக்கில் கூறியது. 1978இல் வாக்கெடுப்பில் வென்ற 13ஆம் முன்மொழிவு சொத்துவரிக்கு உச்சவரம்பு விதித்தது. அதன்பின் பள்ளிகளுக்கான உள்ளூர் அறக்கட்டளைகள் பெருகின. வசதி படைத்த பகுதிகளின் பெற்றோர் அவற்றின் வழியாகத் தம் பள்ளிகளுக்குக் கூடுதல் ஆசிரியர்களையே அமர்த்தினர். சட்டம் மூடிய இடைவெளியைக் கொடை மீண்டும் திறந்தது. கொடுத்தவர் எவரும் தீய நோக்கத்தோடு கொடுக்கவில்லை. ஒவ்வொருவரும் தம் பிள்ளையின் பள்ளிக்குக் கொடுத்தனர்; கூட்டு விளைவு ஏற்றத்தாழ்வாக முடிந்தது.

ஓரிடத்தில் ஏழைகள் இருமுறை செலுத்தினர். மற்றோரிடத்தில் செல்வர் தமக்கே கொடுத்துக்கொண்டனர். உள்ளூர்க் கொடையை மட்டும் நம்பும் எந்த முறையும் இவ்விரு முனைகளுக்கு இடையேதான் அலையும்.

6. ஊரில்லாத பள்ளி

இனிப் பள்ளிவாசலுக்குத் திரும்பலாம். 1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாற்று அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகையாகப் பெற்றார். 1897இல் கண்ணன் தேவன் ஹில்ஸ் புரொடியூஸ் நிறுவனம் உருவானது. தேயிலைக்குத் தேவையான உழைப்பாளர்களைக் கங்காணிகள் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து போடி வழியாக மலையேற்றினர். 1940இல் பள்ளிவாசல் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. இன்றைய கேரளப் பரப்பின் முதல் நீர்மின் திட்டம் அது. மலையின் நீரில் பிறந்த மின்சாரம் ஆலுவாய்ப் பகுதியின் ஆலைகளுக்குச் சென்றது. மலையின் இலை உலகச் சந்தைக்குச் சென்றது.

இலை கிள்ளியவர்கள் லயங்களில் வாழ்ந்தனர். லயம் என்பது தோட்டத்துக்குச் சொந்தமான வரிசை வீடு. வேலை இருக்கும்வரை வீடு. ஓய்வு பெற்றால் குடும்பத்தில் வேறொருவர் வேலைக்குச் சேர வேண்டும், இல்லையேல் வெளியேற வேண்டும். மூன்று நான்கு தலைமுறைகளாக ஒரே மலையில் வாழ்ந்தும் ஒரு சென்ட் நிலமும் தம் பெயரில் இல்லாத குடும்பங்கள் ஏராளம். ‘ஊருக்குப் போகிறோம்’ என்று அவர்கள் சொல்லும்போது அது பெரும்பாலும் மலைக்குக் கீழே கிழக்கே உள்ள மூதாதையர் ஊரைக் குறிக்கும். வாழும் இடம் ‘எஸ்டேட்’, அதற்குள் ‘டிவிஷன்’. இச்சொல் வழக்கு தற்செயலானது அன்று. ‘ஊர்’ என்னும் சொல் நிலத்தின் மீதான உரிமையையும் கூட்டாக முடிவெடுக்கும் ஆற்றலையும் உள்ளடக்கியது. சோழர்காலக் கல்வெட்டுகளில் அது வேளாண் குடியிருப்பை மட்டுமன்றி அதன் அவையையும் குறிக்கிறது. எஸ்டேட்டுக்கு அவை இல்லை, மேலாளர் உண்டு.

1958ஆம் ஆண்டு மாநாட்டு முறையை இங்கே பொருத்திப் பார்த்தால் எங்கே இடறும் என்பது உடனே புலப்படும். திடலுக்கு நிலம் தர நிலம் உடையவர் இல்லை. கூரை வேய ஊர்ப் பொது மரம் இல்லை. பள்ளி நிற்கும் மண்ணும் பிள்ளைகள் உறங்கும் வீடும் ஒரே உடைமையாளருடையவை. 2015 செப்டம்பரில் ‘பெம்பிளை ஒருமை’ என்ற பெயரில் மூணாற்றுத் தோட்டப் பெண்கள் 20 விழுக்காடு போனஸ் கேட்டுச் சாலையில் அமர்ந்தபோது, கூலி, வீடு, மருத்துவம் ஆகியவற்றோடு பிள்ளைகளின் படிப்பும் பேசுபொருளானது. கொடுக்க மனமில்லாத மக்கள் அல்லர் அவர்கள். கொடுப்பதற்கு மிச்சம் இல்லாத கூலியில் வாழ்பவர்கள்.

இவ்வுண்மையைச் சட்டம் முன்பே உணர்ந்திருந்தது. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி, ஒரு தோட்டத்தில் 6 முதல் 12 வயது வரையுள்ள தொழிலாளர் பிள்ளைகள் 25 பேருக்கு மேல் இருந்தால், அவர்களுக்குக் கல்வி வசதி அளிக்குமாறு உடைமையாளருக்கு விதி வகுக்க 2025 வரை மாநில அரசுக்கு அதிகாரம் இருந்தது. அங்கே கல்வி கொடையாகக் கருதப்படவில்லை. கூலியின் நீட்சியாகக் கருதப்பட்டது. நிறுவனச் சமூகப் பொறுப்பு குறித்த 2014ஆம் ஆண்டு விதிகளும் இதே தருக்கத்தைப் பின்பற்றின. தன் ஊழியர்களுக்கும் அவர்தம் குடும்பங்களுக்கும் மட்டுமே பயன்படும் பணியை ஒரு நிறுவனம் சமூகப் பொறுப்புச் செலவாகக் காட்ட முடியாது. விதியின் நோக்கம் சரியானது: செலுத்த வேண்டிய கடனைத் தானமாகக் கணக்கெழுதக் கூடாது. ஆனால் நடைமுறையில் தோட்டப் பிள்ளையின் நிலை என்ன? அவருக்கு மிக அருகிலுள்ள செல்வர் கொடையாளராக இருக்க முடியாது. கடனாளியாக மட்டுமே இருக்க முடியும். தொலைவிலுள்ள நிறுவனங்களோ தாம் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தருகின்றன. முன்னாள் மாணவர் வலையும் மெலிந்தது. மூன்று வாயில்களும் ஒருங்கே ஒடுங்கிய இடம் அது.

இலங்கை மலையகத்தின் வரலாறு இதற்கு அணுக்கமான ஒப்பீடு. அங்கும் தோட்டப் பள்ளிகள் நீண்டகாலம் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பில் இருந்து, 1970களில் அரசின் பொறுப்புக்கு மாறின. 1980கள் முதல் சுவீடன் நாட்டு வளர்ச்சி நிறுவனமான சீடாவின் உதவி அவற்றுக்குக் கிடைத்தது. உதவி வந்ததால் பள்ளிகள் மேம்பட்டன. ஆயினும் 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டப் பகுதிகளில் உள்ளாட்சி நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது. 2018இல்தான் அச்சட்டம் திருத்தப்பட்டது. கடல்கடந்த கொடையாளர் நுழைய முடிந்த இடத்தில், அடுத்த தெருவின் உள்ளாட்சி நுழைய முடியாதிருந்தது. அங்கேயும் இல்லாதிருந்தது, சட்டம் ஏற்கும் ஓர் ‘ஊர்’.

7. மொழி என்னும் கூடுதல் வாயில்

தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநில அமைப்பில் கேரளத்தோடு நின்றன. அதே ஆண்டில் அரசமைப்பில் சேர்க்கப்பட்ட 350-அ உறுப்பு, மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழிவழிக் கற்பித்தலுக்கு வசதி செய்யுமாறு மாநிலங்களைப் பணிக்கிறது. இடுக்கியிலும் பாலக்காட்டிலும் உள்ள தமிழ்வழி வகுப்புகள் இந்த உறுதியின் மீது நிற்கின்றன.

கேரளத்தின் உதவிபெறும் பள்ளிகளில் ஆசிரியர் ஊதியத்தை அரசும், கட்டடத்தை மேலாளரும் ஏற்கின்றனர். ஒரு வகுப்பில் சராசரியாக 15 பிள்ளைகளுக்குக் குறைந்தால் அப்பள்ளி ‘ஆதாயமற்றது’ என்ற வகைக்குள் விழும். வணிகக் கணக்கேட்டின் சொல் பள்ளிக்குள் புகுந்த விதம் தனி ஆய்வுக்குரியது. வேலைவாய்ப்புக் குறைந்து குடும்பங்கள் மலையிறங்கும்போதும், ஆங்கிலவழிப் பள்ளிகளை நாடும்போதும் முதலில் மெலிவது தமிழ்வழி வகுப்பு. அதற்கு ஆதரவு திரட்ட முனைபவர் இரு முனைகளிலும் சிக்கலை எதிர்கொள்கிறார். தமிழ்நாட்டின் அறக்கட்டளைக்கு அது அயல்மாநிலப் பள்ளி. கேரளக் கொடையாளருக்கு அது அயல்மொழிப் பள்ளி.

2020 ஜூனில் பெருந்தொற்றுக் காலத்து இணையவழி வகுப்புகள் ‘ஃபர்ஸ்ட் பெல்’ என்ற பெயரில் தொடங்கியபோது, தமிழ்வழிப் பாடங்களும் ஆசிரியர்களைக் கொண்டு உருவாக்கப்பட்டன. மலையாளப் பாடங்களுக்கு நிகரான ஒளிபரப்பு நேரம் இல்லாமல், அவை பெரிதும் யூடியூப் வழியாகவே பிள்ளைகளைச் சென்றடைந்தன. கைப்பேசி வாங்கித் தரும் கொடை இயக்கங்கள் அவ்வாண்டில் நன்கு நடந்தன. கைப்பேசி ஒருமுறைக் கொடை. அதில் ஓடும் பாடத்தைத் தாய்மொழியில் ஆண்டுதோறும் உருவாக்குவது தொடர்செலவு. முன்னதற்குக் கொடையாளர் எளிதில் கிடைப்பர். பின்னதற்கு அரசு வேண்டும்.

8. கொடையின் இடம்

இவ்வரலாறு கொடைக்கு எதிரானது அன்று. பிடியரிசி இன்றி விருதுநகர்ப் பள்ளி இல்லை. ரோசன்வால்ட் நிதியின்றி அந்த 5,000 கட்டடங்கள் இல்லை. அரசு தயங்கி நின்ற காலங்களில் பிள்ளைகளை ஏந்திக்கொண்டது கொடைதான். கொடை தன் இடத்தை அறிந்திருக்க வேண்டும் என்பதே இவ்வரலாறு சொல்வது. ஆசிரியர், கூரை, குடிநீர், கழிப்பறை, தாய்மொழிப் பாடநூல் ஆகியவை கல்வி உரிமைச் சட்டத்துக்கும் அரசமைப்புக்கும் உட்பட்ட கடன்கள். அவற்றை ஒரு பிள்ளையின் ஊர் எவ்வளவு கொடுக்க வல்லது என்பதோடு இணைக்க முடியாது. அவற்றுக்கு மேல் நூலகம், விளையாட்டு, இசை, சுற்றுலா, உயர்கல்வி வழிகாட்டல் எனக் கொடைக்குப் பரந்த வெளி இருக்கிறது.

அறக்கட்டளைகள் செய்யத்தக்கவை இதிலிருந்தே பெறப்படும். கொடையாளர் பள்ளியைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் ஒவ்வொரு கொடையிலும் ஒரு பங்கு பொதுநிதிக்குச் சென்று, எவராலும் தேரப்படாத பள்ளிக்குச் சேர வேண்டும். பட்டியலைப் பள்ளி மேலாண்மைக் குழு எழுத வேண்டும். குழுவில் இருக்கும் கொழுந்து கிள்ளும் தாய் தன் ஒருநாள் கூலியை இழக்காமல் கூட்டத்துக்கு வர வழி வேண்டும். எந்தப் பள்ளிக்கு எவ்வளவு வந்தது என்பதோடு, எந்தப் பள்ளிக்கு எதுவும் வரவில்லை என்பதையும் ஆண்டறிக்கை வெளியிட வேண்டும். அந்த இரண்டாம் பட்டியல்தான் அரசின் அடுத்த வரவுசெலவுத் திட்டத்துக்கான முதல் ஆவணம்.

1956இல் ஊரார் கொடையாகத் தொடங்கிய மதிய உணவு 1982இல் அரசின் கடனாக மாற 26 ஆண்டுகள் ஆயின. அந்த மாற்றம் நிகழ்வதற்குக் கொடை பசியைப் போக்கியது மட்டும் காரணமன்று. பசி எவ்வளவு பெரியது என்பதைக் கொடை வெளிக்காட்டியதும் காரணம். பொதுப்பள்ளிக்காக நிதி திரட்டும் எந்த அமைப்பையும் இந்த அளவுகோலால் மதிப்பிடலாம். அது திரட்டிய தொகை எவ்வளவு என்பது பாதிக் கேள்வி. அது வெளிக்கொணர்ந்த கடன் எவ்வளவு என்பது மறுபாதி. பள்ளிவாசலின் லயங்களிலிருந்து பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குப் பயன்படுவது அந்த மறுபாதிதான்.